பழைய தேக்கில் கதவு செய்யப் போகிறீர்களா? முதலில் காந்தம்

பழைய வீடு பிரித்த உத்தரத்தையோ பலகையையோ இழைப்பு மெஷினுக்குக் கொடுக்கும் முன், பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, மரத்தை ஒட்டினாற்போல் நான்கு பக்கமும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எங்கே நூல் சாய்கிறதோ அங்கே ஆணி இருக்கிறது, சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு அப்புறம் பிடுங்கிக்கொள்ளலாம்.

காரைக்குடிப் பக்கம் கிடைக்கும் பழைய பர்மா தேக்கில் பல ஆணிகளின் தலை துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், மேலே பெயிண்டோ பட்டிப் பூச்சோ (putty) மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் மெஷின் பிளேடு கெட்டுப்போக ஒரே ஒரு முறிந்த ஆணி போதும், தெறிக்கும் துண்டு ஆளையும் காயப்படுத்தும். மரத்தில் கருத்த புள்ளி தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள், இரும்பு பட்ட இடம் அப்படித்தான் கருக்கும்.

பித்தளை, செம்பு ஆணிகளுக்கு இது உதவாது. ஆழமாகப் புதைந்ததும் சிக்காது, அதனால் கனத்த உத்தரத்தை அறுத்தபின் புது முகத்தில் மறுபடி காந்தத்தை ஓட்டிவிட்டுத்தான் இழைக்க வேண்டும். வெடிப்புக்குள் இருக்கும் மணலையும் சுண்ணாம்பையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்கணும்.