நெற்றிப்பொட்டுப் பள்ளத்தையும் மேலிமைக் குழிவையும் ஃபில்லரால் நிரப்பும் முறை

நெற்றிப்பொட்டு வற்றினால் புருவத்தின் வால் சரியும். கண்குழியின் வெளி விளிம்பு எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். வயது ஏறியவர்களிடமும், எடை மளமளவென்று குறைந்தவர்களிடமும் இதை அதிகம் பார்க்கலாம். தோலுக்கடியில் ஏற்றிப் பள்ளத்தை நிரப்பும் ஜெல்லான ஹயலூரானிக் அமில ஃபில்லரால் நன்றாகவே சரிசெய்யலாம். ஆனால் ஒன்றைப் பொட்டில் அறைந்தாற்போல் சொல்லிவிட வேண்டும்: இங்கே எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைவிட எந்த அடுக்கில் ஏற்றுகிறோம் என்பதே பெரிது. இந்தப் பகுதியின் தமனிகளுக்கும் கண்ணுக்குப் போகும் தமனிக்கும் தொடர்பு உண்டு. அதனால் இது நேரில் பயிற்சி பெற்ற மருத்துவரின் வேலை. வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

ஊசியை எடுக்குமுன் பள்ளம் ஏன் வந்தது என்று பாருங்கள். கண் அழுத்த நோய்க்கு லாட்டனோபிராஸ்ட், பிமாட்டோபிராஸ்ட் போன்ற சொட்டு மருந்து போடுகிறவர்களுக்கு மேலிமை உள்வாங்கலாம். கண் மருத்துவர் மருந்தை மாற்றினாலே ஓரளவு மீளும். ஒரு பக்கம் மட்டும் குழிந்து இமையும் சரிந்திருந்தால், இமையைத் தூக்கும் தசைநாரில் கோளாறு இருக்கலாம். அதன்மேல் ஃபில்லர் போட்டால் நோய் தீராது, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துதான் கிடக்கும். தோலில் தொற்று இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, பாலூட்டும் காலமானாலோ தள்ளிப்போடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், அதை எழுதித் தந்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. உட்கார வைத்தே படமெடுத்துக் குறியிடுங்கள். படுத்தால் பள்ளத்தின் உருவம் மாறிவிடும். இரண்டு கண்ணின் பார்வையையும் தனித்தனியே சோதித்து எழுதி வையுங்கள்.

முதலில் நெற்றிப்பொட்டு. புருவ வாலுக்கு மேலே விரலால் தடவினால் நெற்றியையும் பொட்டையும் பிரிக்கும் எலும்பு வரம்பு தட்டுப்படும். அது கண்குழி விளிம்பிலிருந்து கிளம்பும் இடத்தில் தொடங்கி, வரம்போடு மேலே 1 செ.மீ., அங்கிருந்து காதுப் பக்கமாக 1 செ.மீ. இதுவே குத்தும் புள்ளி. பல்லைக் கடிக்கச் சொன்னால் கீழே மெல்லுவதற்கான டெம்போராலிஸ் தசை புடைக்கும். சரியான இடந்தானா என்று அதை வைத்து உறுதி செய்யலாம். காதுக்கு முன்னால் துடிக்கும் தமனியின் முன்கிளை எப்படிப் போகிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்துக் குறியிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் சிரைகளையும் குறியுங்கள். கன்ன எலும்பு வளைவுக்கு மேலே ஏறக்குறைய 2 செ.மீ. உயரத்தில் பெரிய சிரை ஒன்று ஓடுகிறது. அந்தப் பட்டையில் ஆழமாகக் குத்தாதீர்கள்.

கிருமிநாசினியால் துடைத்து, 27 கேஜ் ஊசியை (கேஜ் எண் கூடக்கூட ஊசி மெல்லியது) தோலுக்குச் செங்குத்தாக இறக்குங்கள். நுனி எலும்பைத் தொட்டதும் கையில் ‘டக்’கென்று ஒரு நிறுத்தம் தெரியும். அதற்குமேல் அழுத்த வேண்டாம், பொட்டின் எலும்பு சில இடங்களில் மிக மெல்லியது. பிஸ்டனைப் பின்னிழுத்துப் பல நொடி காத்திருங்கள். ஊசிக்குள் ஜெல் நிறைந்திருப்பதால் இரத்தம் வராமலும் ஏமாற்றும்; வரவில்லை என்பது உத்தரவாதமல்ல. மறு கை விரலால் மயிர்வரம்பை அழுத்திக்கொண்டால் ஜெல் பின்னுக்கு ஓடாது. நுனியை எலும்பிலிருந்து எடுக்காமல், 0.1 மில்லிக்கு 20 நொடி என்ற வேகத்தில் ஏற்றுங்கள். புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 0.3 மில்லி போன பிறகும் வெளியே ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மேலே தடித்த தசை கிடக்கிறது. பதற்றத்தில் ஊசியைச் சற்று மேலே இழுத்து ஏற்றினால் ஜெல் தசைக்குள்ளோ தமனி ஓடும் அடுக்கிலோ போய்விடும். ஒரு பக்கத்துக்கு ஒரு தடவையில் 0.5 முதல் 1 மில்லி போதும். மீதியை நான்கு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தோல் மெலிந்து மேலோட்டமாக மட்டும் குழிந்திருந்தால் 25 கேஜோ அதைவிடத் தடித்ததோ ஆன கேனுலா (முனை மழுங்கிய குழல்) நல்லது. 27 கேஜும் அதைவிட மெல்லியதும் ஊசியைப் போலவே தமனியைத் துளைக்கக்கூடும்.

மேலிமைக் குழிவு இதைவிட ஆபத்தானது; நெற்றிப்பொட்டில் கை நன்றாகப் பழகிய பிறகே தொடுங்கள். நீர்த்தன்மையான மென்ஜெல் வேண்டும். புருவ வாலுக்குக் கீழிருந்து கேனுலாவை நுழைத்து, கண்குழியின் மேல் விளிம்பு எலும்பை ஒட்டியே நகர்த்துங்கள். மறு கை விரல் அந்த விளிம்பின் கீழே காவலாக இருக்கட்டும். கேனுலாவைப் பின்னிழுத்தபடி ஜெல்லைக் கோடாக விடுகையில், ஒரு கோட்டுக்கு 0.05 மில்லிக்கு மேல் விடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மொத்தம் 0.1 முதல் 0.3 மில்லி. பாதி நிரம்பியதுமே நிறுத்துவது நல்லது. கூடினால் இமை கனத்து வீங்கும், மெல்லிய தோலடியில் நீலம் பாரிக்கும்.

கால்சியம் ஹைட்ராக்ஸியபடைட் போன்றவற்றைக் கரைக்க மருந்தில்லை. கண்ணருகே ஹயலூரானிக் அமிலம் தவிர வேறெதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் அலமாரியில் இருந்தால் போதாது. மேசைமேல் இருக்க வேண்டும்.

ஏற்றும்போது தோல் சட்டென்று வெளுத்தாலோ, வலை பின்னியதுபோல் ஊதா நிறம் படர்ந்தாலோ, பொறுக்க முடியாத வலி வந்தாலோ அந்த நொடியே நிறுத்துங்கள். தோலை அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆனால் தமனி அடைபட்டதாகவே கொள்ளுங்கள். பாதித்த பகுதி முழுக்க ஹயலூரானிடேஸ் ஏற்றுங்கள். சிறு பரப்புக்கு 500 யூனிட், பரப்பு விரிய 1,000, 1,500 என்று கூட்டி, நிறம் திரும்பும்வரை மணிக்கொரு முறை. “கண் இருட்டுது டாக்டர்” என்று சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். விழித்திரை இரத்தமின்றி ஒன்றரை மணி நேரத்துக்குமேல் தாங்காது. போன பார்வையை நிச்சயம் மீட்கும் சிகிச்சை இன்னும் இல்லை.

எல்லாம் சரியாக நடந்தாலும் மெல்லும்போது தாடைப் பக்கம் சில நாள் வலிக்கும். தசையடியில் ஜெல் இருப்பதால் வருவது, தானே போய்விடும். அந்த இடத்தைத் தேய்க்கவோ இறுக்கமான பட்டை கட்டவோ கூடாது. வலி குறைவதற்குப் பதில் கூடினாலோ, தோல் நிறம் மாறினாலோ, இரவானாலும் உடனே அழைக்கச் சொல்லி எண்ணை எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.