ஆய்வேட்டை ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததா?

சேலம் பக்கம் பிஎச்.டி. முடிக்கிற பலருக்கும் இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்கா என்பது பட்டத்துக்கான சடங்குகளில் ஒன்று, அவ்வளவுதான். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஆய்வேட்டின் மின்பிரதியைக் கட்டாயமாக்கியது, நாமும் பிடிஎஃப் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். 1991-இல் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் ஆய்வுக் கட்டுரைகளுக்கான ஆர்க்கைவ் (arXiv) களஞ்சியத்தைத் தொடங்கியபோது கட்டுரையை மின்னஞ்சல் அனுப்பித்தான் வாங்க வேண்டியிருந்தது. இன்றைய களஞ்சியம் கோப்புக்குள் தேடுகிறது, நிரந்தர எண் தருகிறது, பதிப்புகளைக் கோத்து வைக்கிறது. நாம்தான் இன்னும் அதைப் பீரோவாக நினைக்கிறோம்.

தமிழ் ஆய்வேடுகளில் நடக்கும் பெரிய தவறு எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பிடிஎஃப் திரையில் அழகாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது வேறு குறியீடு என்பதால் ஒருவர் ‘ஏற்காடு’ என்று தேடினால் உங்கள் முந்நூறு பக்கத்தில் ஒரு வரிகூட சிக்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து தருவது இதைவிட மோசம், அது வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் செய்யாமல் ஏற்றாதீர்கள். அப்புறம், ஏற்காடு இருக்கும் மலையை ஆங்கிலத்தில் ஷெவராய், ஷெர்வராய், சேர்வராயன் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், குறிச்சொல்லில் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள்.

மேற்கோள் காட்டும்போது உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதை ஒட்டாதீர்கள். மென்பொருளைப் புதுப்பித்தால் அது மாறலாம். சோத்கங்காவில் 10603 என்று தொடங்கும் ஹேண்டில் என்ற நிரந்தர எண் இருக்கிறதே, அதைக் கொடுங்கள்.

தரவில் பிழை கண்டுபிடித்தால் புதிதாக இன்னொன்றை ஏற்றுவதும் வேண்டாம். 2013-இல் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் தொடங்கிய செனோடோ என்ற தரவுக் களஞ்சியத்தில் 2017 முதல் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐ (இதுவும் ஒரு நிரந்தர எண்தான்), மொத்தத்துக்கும் ஒரு டிஓஐ உண்டு. ‘புதிய பதிப்பு’ பொத்தானை அழுத்தினால் பழையதைப் படிக்கிறவருக்கும் திருத்தம் வந்தது தெரியும்.

எல்லாவற்றையும் திறந்து போடுவதுதான் நல்ல பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. சேர்வராயன் மலையில் அரிய ஆர்க்கிட் எங்கே பூக்கிறது என்று ஜிபிஎஸ் புள்ளியோடு அட்டவணை போட்டால், அதைப் பறித்து விற்கிறவனுக்கு நாமே வழி காட்டுகிறோம். தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரக்குறிப்பை மட்டும் பொதுவில் வைத்துக் கோப்பைக் கட்டுப்படுத்தும் வசதி இப்போது இருக்கிறது. இல்லாவிட்டால் இடத்தைத் தோராயமாக்குங்கள். சரி, அட்டவணையை மாற்றியாச்சு என்றாலும் போனில் எடுத்த படங்களைத் திறந்து பாருங்கள், இருப்பிடம் அதற்குள்ளேயே பதிந்திருக்கலாம்.