பழைய காருக்கு வீட்டு லேத்தில் பாகம் கடையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றது. பிரீமியர் பத்மினி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நின்றுபோனது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் நிலைமை இன்னும் மோசம். புதுப்பேட்டை முழுக்க அலைந்தாலும் அகப்படாத புஷ் (துளைக்குள் உட்கார்ந்து பின்னைத் தாங்கும் குழல்), பின், ஸ்பேசர், வாட்டர் அவுட்லெட் போன்றவற்றைச் சின்ன லேத் ஒன்றை வாங்கிப்போட்டுத் தாங்களே கடைந்துகொள்கிறார்கள் சிலர். நல்ல முயற்சி. ஆனால் இப்படிச் செய்யும் பாகங்களில் வீணாகிறவை பெரும்பாலும் லேத்தில் வீணாவதில்லை. மோட்டாரைப் போடுவதற்கு முன்பே, அளவெடுக்கும்போதும் ராடு வாங்கும்போதும் வீணாகிவிடுகின்றன.

தேய்மானத்தையும் சேர்த்துக் காப்பியடிப்பது

எல்லோரும் செய்யும் முதல் தவறு இது. கழற்றிய பின்னை வெர்னியரில் பிடிக்கிறார்கள், 15.81 மி.மீ. காட்டுகிறது, 15.81க்குக் கடைகிறார்கள். கிடைப்பது புத்தம்புதிய தேய்ந்த பின்.

அதே பின்னில் தலைக்கு அடியில், புஷ் உரசாத இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்தால் 15.87 வரும். அதுதான் நிஜ அளவு: 5/8 அங்குலம், அதாவது 15.875. அம்பாசடரும் ஹெரால்டும் பிரிட்டிஷ் வடிவமைப்பு என்பதால் அளவுகள் பெரும்பாலும் அங்குலத்தில்தான் விழும். 12.70, 15.875, 19.05, 22.225 ஆகிய நான்கையும் லேத்துக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள். அரை, ஐந்து நூல், முக்கால், ஏழு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று). பத்மினி ஃபியட் வழி வந்தது, அதில் மெட்ரிக் அளவுகளைத் தேட வேண்டும். உங்கள் அளவு இந்த முழு அளவுகளில் எதற்கும் பக்கத்தில் வராவிட்டால், தேய்ந்த இடத்தில் அளந்திருக்கிறீர்கள் என்றோ, அந்தப் பாகத்தையே முன்பு யாரோ ஒரு பட்டறையில் கடைந்து போட்டிருக்கிறார்கள் என்றோ சந்தேகப்படுங்கள். காரின் மறுபக்கத்தில் உள்ள ஜோடிப் பாகத்தையும் கழற்றி ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

தேயாத இடங்கள் எல்லாப் பாகத்திலும் உண்டு: சர்க்கிளிப் பள்ளத்துக்குப் பக்கம், பிரஸ் ஆகி உட்கார்ந்திருந்த பகுதி, பழைய பெயின்ட் ஒட்டியிருக்கும் முனை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு அங்கே அளந்து பாருங்கள். துளை என்றால் ஒரே திசையில் அளந்து முடிக்கக் கூடாது. வண்டியின் எடை ஒரு பக்கமாகவே இழுப்பதால் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். மூன்று கோணத்தில், இரண்டு ஆழத்தில் அளக்க வேண்டும்.

துளையை வெர்னியரின் உள்வாயால் அளந்து அதை நம்புவதும் தவறுதான். அந்த வாயின் முனை கத்தி போலக் கூராக இருக்காது. கொஞ்சம் தட்டையாக இருக்கும். அதனால் சிறிய துளைகளில் எப்போதும் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும். டெலஸ்கோப்பிக் கேஜும் (துளைக்குள் விரிந்து அதன் விட்டத்தைப் பிடித்துவரும் கருவி) மைக்ரோமீட்டரும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் லேத்திலேயே ஒரு பிளக் கேஜ் கடைந்துகொள்ளலாம்: ஒரே ராடில் 10 மி.மீ. நீளத்துக்கு ஒரு படி, படிக்குப் படி 0.02 மி.மீ. கூடுதல். எந்தப் படி நுழைகிறது, எது நிற்கிறது என்பதே உங்கள் அளவு. எந்த வெர்னியரையும்விட இதை நம்பலாம்.

இன்னொன்று, சூடு. கடைந்து முடித்த கையோடு அளக்காதீர்கள். 25 மி.மீ. அலுமினியத் துண்டு 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடேறினால் 0.023 மி.மீ. பருக்கும். சரியான அளவு என்று நிறுத்திய வேலை, ஆறியதும் லொடலொடவென்று ஆடும்.

மரையைக் கண்ணால் முடிவுசெய்வது

5/16 அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவு நுண்மரை) மரையின் விட்டம் 7.94 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. மெட்ரிக்கில் எம்8 மரை 8 மி.மீ., பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) 1.25 மி.மீ. பார்க்க இரண்டும் ஒன்றேபோல இருக்கும். ஒன்றில் மற்றொன்று ஓரிரு சுற்று ஏறவும் செய்யும், பிறகு இறுகும். துரு என்று நினைத்து ஸ்பானர் போட்டுத் திருகினால் அலுமினிய ஹவுசிங்கில் மரை உரிந்து வந்துவிடும்.

அதைவிட ஏமாற்றுவது பிஎஸ்எஃப் என்ற பழைய பிரிட்டிஷ் நுண்மரை. கால் அங்குலத்தில் பிஎஸ்எஃப் 26 மரை, யுஎன்எஃப் 28. பிஎஸ்எஃப் மரையின் கோணம் 55 டிகிரி. யுஎன்எஃப்புக்கும் மெட்ரிக்குக்கும் 60. பிட்ச் கேஜை மரையில் பதித்து, பின்னால் ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். 10 மி.மீ. நீளத்துக்காவது வெளிச்சம் கசியாமல் உட்கார்ந்தால்தான் அது அந்த மரை. ஐசுஸு எஞ்சின் ஏறிய பிற்கால அம்பாசடரில் எஞ்சின் மெட்ரிக். மற்ற இடங்கள் பெரும்பாலும் அங்குலம். ஒரே வண்டி என்பதால் ஒரே மரை என்று எண்ணிவிடக் கூடாது.

மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ உங்கள் லேத்தில் அங்குல அளவாக இருந்தால், மெட்ரிக் மரை சுத்தமாக வர 127 பல் கியர் தேவை. அந்த வேலையில் ஒவ்வொரு கட்டுக்கும் (டூல் ஒருமுறை வெட்டிப்போவது) ஹாஃப் நட்டை, அதாவது லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் நட்டை, திறந்து மூடினால் டூல் பழைய தடத்தில் விழாது, மரை அழிந்துவிடும். ஹாஃப் நட்டை மூடியபடியே வைத்து, டூலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித் திரும்ப வர வேண்டும்.

கையில் கிடைத்த ராடில் கடைவது

பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ராடு எந்த ரகம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கிரைண்டரில் பொறி பார்ப்பது கார்பன் அதிகமா குறைவா என்று சொல்லும், அவ்வளவுதான். ஸ்பேசர், வாஷர், கைப்பிடிக் குமிழ் போன்ற சுமை ஏறாத வேலைக்கு அது போதும். பளு தாங்கும் பின்னுக்கு, ரகம் சொல்லி விற்கும் கடையிலேயே வாங்குங்கள். சாதாரண பின்னுக்கு இஎன்8 ரக எஃகு நன்றாக உழைக்கும். அதிகச் சுமை என்றால் இஎன்24, 'டி' கண்டிஷனில். அது கடைவதற்கு முன்பே ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து வருவது. வீட்டில் காய்ச்சித் தோய்த்துக் கோணலாக்க வேண்டியதில்லை. 8.8 என்று தலையில் பொறித்த போல்ட்டின் இடத்தில் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ஹெக்ஸ் பாரில் கடைந்த போல்ட்டைப் போடாதீர்கள். அது ஏறக்குறைய பாதி பலம்தான் தாங்கும்.

புஷ்ஷுக்குக் குழாய்க் கடைப் பித்தளையைப் பயன்படுத்துவது அடுத்த தவறு. மெதுவாக அசைந்து, பெரும் பளுவைத் தாங்கும் இடத்தில் பித்தளை சீக்கிரமே தேய்ந்துவிடும். அங்கே பாஸ்பர் பிரான்ஸோ கன்மெட்டலோதான் சரி. அதற்காக உள்ளே ஓடும் பின்னை எம்எஸ்ஸில் கடைந்தால் இப்போது பின் தேயும். பின் கடினமாகவும் புஷ் மென்மையாகவும் இருக்க வேண்டும்; மாற்ற எளிதானதுதான் தேயட்டும்.

பழைய லூகாஸ் டைனமோவின் பின்பக்க புஷ்ஷைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது நுண்துளை உள்ள பிரான்ஸ். தனக்குள் ஆயிலைத் தேக்கி வைத்துக்கொண்டு ஷாஃப்ட்டுக்குக் கொடுக்கும். அதே அளவில் கெட்டிப் பித்தளையில் கடைந்து போட்டால் கொஞ்ச நாளில் வறண்டு ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளும். நுண்துளை புஷ்ஷையே வாங்கி, பொருத்துவதற்கு முன் 24 மணி நேரம் எஞ்சின் ஆயிலில் ஊறப்போடுங்கள். உள்துளையை ரீமர் (துளையைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் டூல்) போட்டு அகலப்படுத்தாதீர்கள், நுண்துளைகள் அடைபடும். வெளிவிட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், நன்றாகத் தீட்டிய டூலால் மட்டும்.

படி இறங்கும் மூலையைக் கூராக விடுவதும் பின்னை உடைக்கும். 20 மி.மீ. தலையிலிருந்து 16 மி.மீ. தண்டுக்கு இறங்கும் இடத்தைப் பார்ட்டிங் டூலால் செங்கோணமாக வெட்டினால், விரிசல் அந்த மூலையில்தான் தொடங்கும். டூலின் முனையை 1 மி.மீ. ஆரத்துக்குத் தீட்டி மூலையை வளைவாக விடுங்கள். அதன் மேல் உட்காரும் வாஷரின் உள்விளிம்பையும் அந்த அளவுக்குச் சாய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வாஷர் வளைவின் மேல் ஏறி நிற்கும்.

லேத்தில் நடப்பவை

கோணலான ஸ்டாண்டில் இறுக்கிய லேத் டேப்பராகத்தான், அதாவது ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்துத்தான், கடையும். 30 மி.மீ. ராடு ஒன்றைச் சக்கிலிருந்து 120 மி.மீ. வெளியே நீட்டி, டெயில் ஸ்டாக் இல்லாமல், 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு காலர் (சற்றுப் பருத்த வளையம்) விட்டு, கிராஸ் ஸ்லைடை நகர்த்தாமல் இரண்டிலும் மெல்லிய கட் கொடுங்கள். விட்டங்களுக்குள் 0.02 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால், வேலையைத் தொடங்காமல் முதலில் லேத்தின் காலுக்கு ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள்.

மூன்று தாடை சக்கில் பாதி கடைந்து, திருப்பிப் பிடித்து மீதியைக் கடைந்தால் உள்துளையும் வெளிவிட்டமும் ஒரே மையத்தில் இராது. 0.05 முதல் 0.1 மி.மீ. வரை விலகுவது இந்தச் சக்குகளில் சகஜம். புஷ் என்றால் உள்ளும் வெளியும் ஒரே பிடிப்பில் முடித்து, கடைசியில் வெட்டி எடுங்கள்.

0.02 மி.மீ. மட்டும் மிச்சமிருக்கிறது என்று கார்பைடு டிப்பால் தொட்டால் அது வெட்டாது, தேய்த்துவிட்டுப் போகும். அடுத்த கட்டில் எதிர்பாராமல் இரட்டிப்பாக எடுத்து அளவைத் தாண்டிவிடும். விட்டத்தில் அரை மி.மீ. இருக்கும்போதே நிறுத்தி அளந்து, 0.25, 0.25 என்று இரண்டு சம கட்டுகளாக, ஒரே வேகத்தில், ஒரே ஃபீடில் முடியுங்கள். முதல் கட் உண்மையில் எவ்வளவு எடுத்தது என்று அளந்தால் இரண்டாவதைச் சரிசெய்துகொள்ளலாம். சின்ன லேத்துக்குக் கார்பைடைவிட ஹைஸ்பீடு ஸ்டீல் டூலே பெரும்பாலும் பொருத்தம். 16 மி.மீ. எம்எஸ் ராடுக்கு 500 ஆர்பிஎம் பக்கத்தில் வைத்தால் போதும்.

பிரான்ஸில் துளையிடும்போது சாதாரண ட்ரில் கவ்விப்பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். வெட்டும் விளிம்பை எண்ணெய்க் கல்லில் லேசாகத் தட்டையாக்கிவிட்டால் கவ்வாது.

வேலை எதுவானாலும், லேத்துக்கு முன் கையுறை கூடாது. லுங்கி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, தொங்கும் சட்டைக் கை எதுவும் கூடாது. எமரித் தாளை விரலில் சுற்றிப் பிடித்துப் பாலிஷ் போடுவதால்தான் பலர் விரலை இழக்கிறார்கள். சக் சாவியிலிருந்து கையை எடுப்பதென்றால் சாவியும் சக்கிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். பழைய பிரேக் ட்ரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியைக் கம்ப்ரசரால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது

கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சுப் பின்) புஷ் போன்றவற்றில் நாள் முழுக்கக் கடைந்த வேலை கடைசி ஐந்து நிமிடத்தில் கெடும். ஹவுசிங் துளை 22.225 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். புஷ்ஷின் வெளிவிட்டம் 22.26க்கும் 22.275க்கும் இடையில் வர வேண்டும். அதற்குக் கீழே போனால் புஷ் ஹவுசிங்கில் சுற்றத் தொடங்கி, கிரீஸ் துளையை மூடிவிடும். மேலே போனால் ஏறும்போதே சிதையும்.

ஏற்றியதும் உள்துளை சுருங்கும், ஏறக்குறைய எவ்வளவு இறுக்கம் கொடுத்தோமோ அவ்வளவு. இதை மறந்து, பின்னின் அளவுக்கே துளையைக் கடைந்து முடித்து ஏற்றிவிட்டு, பின் நுழையவில்லையே என்று திகைப்பவர்கள் நிறைய. 15.87 பின்னுக்குத் துளையை 15.75இல் நிறுத்துங்கள். மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ஏற்றிய பிறகு, நீளமான ரீமரை இரண்டின் வழியாகவும் ஒரே நேர்கோட்டில் ஓட்டி, பின்னைவிட 0.02 முதல் 0.04 மி.மீ. கூடுதலாக முடியுங்கள். தனித்தனியாக ரீமர் போட்டால் இரண்டு துளையும் ஒரே கோட்டில் வராது, ஸ்டீயரிங் இறுகும்.

ஏற்றுவதற்குச் சுத்தியல் வேண்டாம். நீண்ட போல்ட், இரண்டு தடித்த வாஷர், ஒரு நட் போதும். புஷ்ஷின் நுழையும் முனையில் 1 மி.மீ. நீளத்துக்குச் சரிவு விடுங்கள். முந்தைய இரவே புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்து, ஹவுசிங்கை 100 டிகிரிக்குச் சூடாக்கினால், புஷ் சுமார் 0.019 சுருங்கும், துளை 0.018 விரியும். இறுக்கத்தில் பெரும்பகுதி மறைந்து, கையழுத்தத்திலேயே பாதி உள்ளே போகும். சாயாமல் வைத்து உடனே இழுத்து முடியுங்கள். நடுவில் நிறுத்தினால் சூடும் குளிரும் சமமாகி அங்கேயே நின்றுவிடும். புஷ்ஷில் கிரீஸ் துளையை, புஷ்ஷை ஏற்றிய பிறகு, ஹவுசிங்கில் உள்ள நிப்பிள் துளை வழியாகவே போடுங்கள். கிரீஸ் பள்ளத்தை புஷ்ஷின் முனை வரை வெட்டினால் கிரீஸ் எல்லாம் வெளியே வழியும். இரு முனையிலும் 3 மி.மீ. விட்டு நிறுத்துங்கள்.

கடையவே கூடாதவை

பிரேக் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், டை ராடு எண்ட், ஸ்டப் ஆக்ஸில், வீல் ஸ்டட். இவற்றை வீட்டில் கடையாதீர்கள். இவற்றில் பல ஃபோர்ஜ் செய்தும், மரையை உருட்டி எடுத்தும், விரிசல் சோதனை போட்டும் வருபவை. வெளியே அச்சு அசலாக அதே வடிவம் கொண்டுவர முடியும். உள்ளே இருக்கும் பலத்தைக் கொண்டுவர முடியாது. உடைந்தால் எதிரே வருபவரும் சேர்ந்து அடிபடுவார்.

ஹெரால்டின் முன்சக்கர வெர்ட்டிகல் லிங்க் இதற்குச் சரியான உதாரணம். அதன் அடிப்பகுதி மரையோடு ட்ரன்னியன் என்ற தாங்கிக்குள் திரும்புகிறது; இடப்பக்கத்தில் இடது மரை, வலப்பக்கத்தில் வலது மரை. அங்கே 90 நம்பர் கியர் ஆயில் ஊற்ற வேண்டும். வழக்கம்போல கிரீஸ் அடித்துவிட்டால் மரையின் அடிவரை மசகு போகாமல் நீர் தேங்கித் துரு ஏறி, லிங்க் மரையிலேயே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். சரியான எஃகிலும் முறிகிற இடம் அது. ஹெரால்டின் மூல வடிவமான பிரிட்டிஷ் ட்ரையம்ஃப் வண்டிகளுக்கான இந்தப் பாகங்கள் பிரிட்டனில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. விலை அதிகம்தான்; ஆனாலும் வரவழைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைப் பொருத்திய பிறகு 50 கி.மீ. ஓட்டிவிட்டு ஒருமுறை, 500 கி.மீ.யில் மறுமுறை ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புஷ்ஷிலிருந்து பிதுங்கும் கிரீஸில் பொன்னிறத் தூள் மின்னினால் கழற்றிவிடுங்கள். இறுக்கமாக ரீமர் ஆகியிருக்கிறது, அல்லது கிரீஸ் துளை அடைபட்டிருக்கிறது.