அந்த முயல்குட்டிகள் அநாதைகள் அல்ல: காட்டன்டெயில் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கிழக்கு, மத்திய மாநிலங்களில் கொஞ்சம் புல்தரையோடு வீடு இருந்தால் போதும், காட்டன்டெயில் முயல் வந்துவிடும். பழுப்பு உடம்பு, ஓடும்போது பளிச்சென்று தெரியும் வெள்ளை வால். நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் குடியேறியிருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இது தினமும் கண்ணில் படும் விலங்கு. வசந்த காலம் பிறந்ததும் வனவிலங்கு மீட்பு மையங்களுக்கு இதன் குட்டிகள் அட்டைப்பெட்டிகளில் வந்து குவிகின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தாய் உயிரோடுதான் இருக்கிறது. பார்த்தவர் பரிதாபப்பட்டு எடுத்துவந்ததுதான் அவற்றுக்கு நேர்ந்த ஆபத்து.

பக்கத்தில் தாய் இல்லை, ஆகவே குட்டிகள் அநாதை என்று நினைப்பதுதான் முதல் தவறு. காட்டன்டெயில் தாய் கூட்டில் உட்காருவதே இல்லை. அந்தியிலும் விடியலுக்கு முன்னும் வந்து, சில நிமிடங்கள் பாலூட்டிவிட்டுப் போய்விடும். அதன் பாலில் கொழுப்பு மிக அதிகம். குட்டிக்கு அதுவே போதும். நாள் முழுக்கக் கூட்டிலேயே இருந்தால் தாயின் வாடை நரியையும் பூனையையும் அங்கே வரவழைத்துவிடும். விலகி இருப்பதுதான் அது குட்டிகளைக் காக்கும் முறை. சந்தேகம் தீராவிட்டால், கூட்டின் மேல் நாலைந்து மெல்லிய குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துவிட்டு விலகிவிடுங்கள். மறுநாள் காலை குச்சிகள் கலைந்திருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. கலையாவிட்டாலும் உடனே முடிவுகட்ட வேண்டாம், குட்டிகளைப் பாருங்கள். வயிறு நிரம்பி, உடம்பு கதகதப்பாக இருந்தால் பால் கிடைக்கிறது என்று பொருள். தோல் சுருங்கி, உடம்பு சில்லிட்டுக் கிடந்தால்தான் உதவி தேவை.

கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது அடுத்தது. குருவிக் குஞ்சைத் தொடாதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை நம்புவது சுலபம். ஆனால் உண்மையில்லை. நாய் இழுத்துப்போட்ட குட்டியைக் கையுறை போட்டு எடுத்துக் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம், தாய் பாலூட்டும். பூனை கவ்வித் தூக்குவதுபோல முயல் தன் குட்டியைத் தூக்கிப் போகாது என்பதால், வெளியே விழுந்ததை நாம்தான் வைத்தாக வேண்டும். கூட்டையே தோட்டத்தின் மறு கோடிக்கு மாற்றுவது மட்டும் கூடாது. தாய் பழைய இடத்துக்குத்தான் வரும்.

இன்னொரு வகைக் குட்டியும் வீணாகப் பிடிபடுகிறது. கண் திறந்து, காது நிமிர்ந்து, உடம்பெல்லாம் ரோமத்தோடு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருக்கும். இத்தனை சின்னதை எப்படி விடுவது என்று மனசு பதறும். ஆனால் பிறந்து இரண்டு, மூன்று வாரங்களில் இவை கூட்டை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. அந்த அளவில் தனியாகத் திரிவதுதான் இயல்பு. ஓடாமல் உறைந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அடிபட்டிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒளிந்திருக்கும் விதம்.

புல்வெட்டும் இயந்திரத்தை எடுக்கும் முன் தரையை ஒரு முறை நடந்து பாருங்கள். வளை தேடிப் பயனில்லை. கூட்டமாக வளை தோண்டி வாழ்வது ஐரோப்பிய முயல்; வீட்டில் வளர்க்கும் முயல்கள் அதன் வழிவந்தவை. காட்டன்டெயில் தரையை லேசாகப் பறித்து, தன் மார்பு ரோமத்தாலும் காய்ந்த புல்லாலும் குழியை மூடிவிடும். மேலிருந்து பார்த்தால் காய்ந்துபோன புல் திட்டு என்றே தோன்றும். அதுவும் பல சமயம் திறந்த புல்தரையின் நட்டநடுவில் இருக்கும். நம் ஊர்க் காட்டு முயலின் குட்டி கண் திறந்து, ரோமத்தோடு பிறக்கும். காட்டன்டெயில் குட்டியோ கண் மூடி, ஏறக்குறைய வெற்றுடம்பாகப் பிறந்து, சுமார் ஒரு வாரம் கழித்துத்தான் கண் திறக்கிறது. கூடு தெரிந்தால் சுற்றிலும் சில அடிகளை விட்டுவிட்டு வெட்டுங்கள். மூன்று வாரம் பொறுத்தால் கூடு காலியாகிவிடும்.

வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்ற ஆசை வேண்டவே வேண்டாம். பசும்பால் அந்தக் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. சொட்டு மருந்துக் குழாயால் ஊட்டும்போது பால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். பயமே இதைக் கொல்லப் போதுமானது. பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இல்லாமல் வனவிலங்கை வைத்திருப்பது சட்டவிரோதமும் கூட. பூனை கடித்த குட்டி வெளியில் நன்றாகத் தெரிந்தாலும், பூனையின் வாயிலுள்ள பாக்டீரியா உள்ளே வேலை செய்யத் தொடங்கியிருக்கும். அதைத் தாமதிக்காமல், அடிபட்ட வனவிலங்குகளைப் பராமரிக்க உரிமம் பெற்ற மறுவாழ்வாளரிடம் சேர்க்க வேண்டும். வீட்டிலிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிடாதீர்கள். அமாக்ஸிசிலின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் கெட்டுச் செத்துப்போகும்.

முகத்தில் கறுத்த கொம்புகள் முளைத்த முயலைக் கண்டு சிலர் அடித்துக் கொல்லவும் துணிகிறார்கள். அது ஒரு வைரஸால் வரும் கட்டி. ரிச்சர்ட் ஷோப் 1933-இல் இதை விவரித்தார். மனிதருக்குத் தொற்றாது. உண்மையில் கவனிக்க வேண்டியது துலரேமியா, முயலிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய பாக்டீரியா நோய். செத்துக் கிடக்கும் முயலை வெறும் கையால் தொடாதீர்கள்.

கடைசியாக ஒன்று: ‘இதுதான் எங்கே பார்த்தாலும் இருக்கிறதே, இதற்கு என்ன அக்கறை’ என்ற பேச்சு. எங்கும் தென்படுவது கிழக்கத்திக் காட்டன்டெயில். வேட்டைக்காக அதை அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே காலங்காலமாக வாழ்ந்த நியூ இங்கிலாந்து காட்டன்டெயில் அடர்ந்த புதர்க்காடு இல்லாமல் தங்காது. புதர்கள் அழிய அழிய அதுவும் சுருங்கிவிட்டது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், புழுக்கையிலுள்ள மரபணுவைச் சோதித்துத்தான் ஆய்வாளர்கள் இனம் பிரிக்கிறார்கள். அந்த மாநிலங்களில் நிலம் வைத்திருப்பவர்கள், ஓரத்துப் புதரைக் களை என்று வழித்தெடுக்கும் முன் மாநில வனவிலங்குத் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.