அக்குளில் கட்டி, மார்பில் ஒன்றுமில்லை: அதன்பின் நேரும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் கையில் செம்பனை முள் ஏறுவதும், இரண்டு நாளில் அக்குளில் நெறி கட்டுவதும் வாடிக்கையானவை என்பதால், வீக்கத்தைக் கண்டவுடன் மஞ்சள் பற்றுப் போடும் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முள்ளால் கட்டிய நெறி புண் ஆறியதும் வற்றிவிடும். புண் ஏதுமின்றி, கெட்டியாக, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னும் நிற்கும் கட்டி மார்பகப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம்; அதை அரசாங்கக் கிளினிக்கில் காட்டாமல் இருப்பதே முதல் தவறு.

மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மெமோகிராமில் மார்பு தெளிவாக இருக்கிறது என்று கேட்டதும் நிம்மதியாக வீடு திரும்புவது அதைவிடப் பெரிய தவறு. மார்பில் எதுவும் புலப்படாமல் அக்குளில் நெறி கட்டும் நிணநீர்க் கணுவில் முதலில் தலைகாட்டும் மார்பகப் புற்றுநோயை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1907-லேயே பதிவு செய்திருக்கிறார். மார்பகப் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இது வருகிறது. மெமோகிராமும் அல்ட்ராசவுண்டும் தவறவிடும் சிறு கட்டியை எம்.ஆர்.ஐ. பல வேளைகளில் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அதைக் கேட்டுப் பெறத் தயங்கக்கூடாது.

கட்டியை உடனே அறுத்தெடுத்துவிடும்படி அவசரப்படுத்துவதும் சரியல்ல. காசநோயும் நிணநீர்ப் புற்றும் அதே இடத்தில் வீங்கும். ஊசி பயாப்சியில் எடுத்த திசுதான் நோய் எங்கிருந்து வந்தது, ஹார்மோன் மருந்துக்கு இணங்குமா, புற்றை வளரத் தூண்டும் ஹெர்-2 புரதம் மிகுந்திருக்கிறதா என்பதைச் சொல்லும்.

சிகிச்சையில் மிகுதியாக இடறுவது இதற்குப் பிறகுதான். அக்குளில் இருந்ததை எடுத்தாகிவிட்டது, கண்ணுக்குத் தெரியாத மார்பை ஏன் தொடவேண்டும் என்று குடும்பத்தார் கேட்பது இயல்பே. எனினும் மார்பைச் சிகிச்சையின்றி விட்டால், அங்கே ஒளிந்திருப்பது பின்னாளில் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. அதற்காக மார்பை அகற்றியே ஆகவேண்டும் என்பதுமில்லை: அக்குள் கணுக்களை நீக்கி, மார்பு முழுமைக்கும் கதிர்வீச்சு அளிப்பதும் ஏற்கப்பட்ட வழியே. கதிர்வீச்சுக்குப் பினாங்குக்கோ கோலாலம்பூருக்கோ வாரக்கணக்கில் போய்வர இயலாது என்றால், அந்தச் சிரமத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாதியில் நின்றுவிடுவதுதான் கெடுதல். ஹார்மோனுக்கு இணங்கும் நோயென்றால் மாத்திரையைக் குறைந்தது 5 ஆண்டுகள் விழுங்க வேண்டியிருக்கும். உடம்பு தேறிவிட்டது என்று நாமாக நிறுத்தக்கூடாது.

கணுக்களை நீக்கிய பக்கத்துக் கை நிணநீர் தேங்கி வீங்கக்கூடும். தோட்ட வேலைக்குத் திரும்புகிறவர் அந்தக் கைக்கு உறை மாட்டிக்கொள்ளட்டும். இனி அதில் முள் குத்திச் சிவந்தால், மஞ்சள் பற்றை ஒதுக்கிவிட்டு அன்றே கிளினிக்குக்குப் போகட்டும்.