வன்னியில் வேலை, இலக்கு அனெஸ்தீசியா (மயக்க மருந்துத் துறை): இளம் வைத்தியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் பாதையைச் சொல்லிவிடலாம். எம்பிபிஎஸ் முடிந்ததும் ஒரு வருட உள்ளகப் பயிற்சி, மருத்துவ சபையின் முழுப் பதிவு, பிறகு சுகாதார அமைச்சு போடும் முதல் நியமனம். பலர் வவுனியாவிலோ மன்னாரிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வந்து இறங்குவது இந்தக் கட்டத்தில்தான். மயக்க மருந்து நிபுணராக விரும்புகிறவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் எம்டி முதற்பகுதிச் சோதனையில் தேற வேண்டும். அந்த நிறுவகம் எல்லோர் வாயிலும் பிஜிஐஎம். தேறினால் ரெஜிஸ்ட்ராராகப் பெரிய வைத்தியசாலைகளில் பயிற்சி, அடுத்து இறுதிப் பகுதி, அதற்குப் பின் சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம். அதில் ஒரு பங்கு வெளிநாட்டில். எல்லாம் முடிந்தால்தான் நிபுணர் தகுதிக்கான போர்ட் சான்றிதழ், கன்சல்டன்ட் (நிபுணர்) நியமனம். தடங்கல் இல்லாமல் போனாலும் எட்டு, பத்து வருடம் பிடிக்கும்.

இவ்வளவு நீளமான பாதையில் வன்னியில் கழியும் வருடங்களைக் காத்திருப்பு அறையாக நினைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. "இங்கே என்ன சேர் படிக்கிறது, சின்ன ஆஸ்பத்திரி" என்று சொல்லிக்கொண்டு, கிடைக்கிற லீவையெல்லாம் சேர்த்து வைத்து, கொழும்பில் போய் வகுப்புக் கேட்பார்கள். வகுப்பில் தவறில்லை. ஆனால் முதற்பகுதியில் கேட்கும் உடற்றொழிலியலும் மருந்தியலும் முந்தின இரவு தம் கையால் வென்டிலேட்டரில் போட்ட நோயாளியிடமே இருந்ததை இவர்கள் கவனிப்பதில்லை.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். தரையில் பாய் போட்டுப் படுத்தவரைக் கட்டுவிரியன் கடிக்கிறது. கடிவாயில் வீக்கமும் இல்லை, பெரிய நோவும் இல்லை. சிலருக்கு வயிற்று வலி மட்டும். விடியும்போது இமை தொங்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு சின்னதாகிறது. இன்டியூபேட் பண்ணி, அதாவது மூச்சுக்குழலுக்குள் குழாய் ஏற்றி, நாட்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்திருக்கிறோம். இந்த ஒரு நோயாளியை வைத்தே நரம்பு-தசைச் சந்தி, அதாவது நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் இடம், முழுவதையும் படிக்கலாம். தியேட்டரில் தசையைத் தளர்த்தும் அட்ராகியூரியம் கொடுத்தவருக்கு முடிவில் நியோஸ்டிக்மின் போட்டால் தசை வேலை செய்கிறது. ஏனென்றால் நரம்பின் செய்தியைத் தசைக்குக் கொண்டுபோகும் அசற்றைல்கோலின் சிதையாமல் சேர்ந்து, ஏற்பியிலிருந்து மருந்தைத் தள்ளிவிடுகிறது. கட்டுவிரியன் நஞ்சோ நரம்பு முனையையே பழுதாக்குகிறது. அசற்றைல்கோலின் வெளியே வரவே வழியில்லாத இடத்தில் நியோஸ்டிக்மின் எதைச் சேர்த்து வைக்கும்? நஞ்சுமுறிமருந்தும் ஏற்கெனவே வந்துவிட்ட வாதத்தைத் திருப்பாது. நரம்பு முனை மீண்டும் வளரும்வரை மூச்சை நாம்தான் விட வேண்டும்.

அடுத்த கட்டிலில் வயலுக்கு அடிக்கும் ஓகனோபொஸ்பேட் மருந்து குடித்தவர். அவருக்கு இன்னொரு தசைத்தளர்ச்சி மருந்தான சக்சமெதோனியம் போட்டால் சில நிமிடத்தில் தெளிய வேண்டிய தசைத்தளர்ச்சி நீண்டுகொண்டே போகும், அதைச் சிதைக்கும் இரத்தக் கோலினெசுத்தரேசு நொதி முடங்கிக் கிடப்பதால். நரம்பு-தசைச் சந்தியின் இரண்டு பக்கமும் ஒரே ஐசியுவில். இதை விட்டுவிட்டுக் கேள்வித்தாள் பிரதியைத் தேடி அலைவானேன்?

பௌதிகவியலைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுவதும் இந்த வகைத் தவறுதான். முதற்பகுதியில் பலரைக் கவிழ்ப்பது இதுவும் அளவீட்டுக் கருவிகளும். எல்லாம் உயர்தரத்தில் தமிழில் படித்த அதே பாடம்தான். இங்கிலிஷ் பெயரில் பார்க்கும்போது புதிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மயக்க வாயுவான நைட்ரஸ் ஒக்சைட்டின் அவதி வெப்பநிலை (இதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் வாயு திரவமாகாது) 36.5 பாகை செல்சியஸ். அதற்குக் கீழே சிலிண்டருக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும். திரவம் தீரும்வரை அழுத்தம் காட்டும் கேஜ் முள் பெரிதாக இறங்காது, மிச்சத்தை அறிய நிறுத்துப் பார்க்க வேண்டும். சரி, மே மாத மத்தியானத்தில் வெளியே வெயிலில் நிற்கும் சிலிண்டர்? சூடு 36.5ஐத் தாண்டினால் உள்ளே திரவமே இராது. குளிர்நாட்டுப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடக்கும் சங்கதி நம் ஸ்டோருக்குப் பின்னால் கண்ணுக்கு முன் நடக்கிறது.

ஒட்சிசன் அப்படியில்லை. அது சிலிண்டரில் வாயுவாகவே இருப்பதால் போயிலின் விதிப்படி கேஜ் இறங்கும் அளவுக்கு உள்ளே குறைகிறது. நிறைந்த ஈ அளவு சிலிண்டரில் ஏறத்தாழ 680 லீற்றர். நிமிடத்துக்கு 10 லீற்றர் என்றால் 68 நிமிடம். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணத்துக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். ஒரு சிலிண்டரோடு அம்புலன்ஸில் ஏறலாமா? கேஜ் பாதியில் நின்றால்? இந்தக் கணக்கை வண்டி புறப்படுமுன் வாசலில் நின்று போடுகிறவருக்கு வாய்மொழிச் சோதனையில் அதே கேள்வி வந்தால் நாக்கு ஒட்டாது. பிரசவத்துக்குப் பின் இரத்தம் கொட்டும் தாய்க்கு பெரிய நாளத்தில் போடும் நீளமான சென்ட்ரல் லைனைத் தேடாமல் கையில் தடித்த, குட்டையான 14 கேஜ் கனுலா இரண்டு போடச் சொல்வதும் பௌதிகவியல்தான். ஓட்டம் ஆரையின் நான்காம் அடுக்கோடு கூடும், நீளத்தோடு குறையும்.

தனியாகச் செய்வதே திறமை என்ற நினைப்பு

இது மற்ற எல்லாவற்றையும் விட ஆபத்தானது, அதனால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். நிபுணர்களும் அனுபவப்பட்ட வைத்திய அதிகாரிகளும் போதாத இடங்களில் இளையவர் மேல் பொறுப்பு சீக்கிரம் விழும். கை வேகம் வரும், துணிச்சல் வரும். வார்டில், "அவன் தனிய நின்று சமாளிப்பான்" என்று பெயரும் வரும். அந்தப் பெயர் வந்த பிறகு இரவில் கன்சல்டன்ட்டுக்குப் போன் எடுக்க வெட்கம். இரவு இரண்டு மணிக்கு எழுப்பினால் கோபப்படுகிற கன்சல்டன்ட்டும் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் கோபப்படட்டும். காலையில் அவர் கேட்கும் முதல் கேள்வி "ஏன் என்னைக் கூப்பிடவில்லை" என்றுதான் இருக்கும்.

அவசர சிசேரியன் ஒன்று வருகிறது. வயிற்றில் பிள்ளை உள்ள பெண்ணின் நுரையீரலில் மூச்சு விட்ட பின் மிஞ்சும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும், ஒட்சிசன் செலவோ கூடியிருக்கும். முழு மயக்கம் கொடுத்தபின் குழாய் ஏறவில்லை என்றால் மானிட்டர் இலக்கம் கண்முன்னே சரியும். ஆகவே மருந்து ஏற்றுமுன் மூன்று நிமிடம் இறுக்கமாக மாஸ்க் பிடித்து ஒட்சிசன் கொடுத்தாயிற்றா, குழாய் ஏறாவிட்டால் அடுத்தது என்ன, உதவிக்கு யார் என்பதை நர்ஸுக்கும் கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஸ்பைனல், அதாவது முதுகில் போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைக்கும் ஊசி, என்றால் அதைப் போட்டதும் "சரி, தொடங்குங்கோ" என்று சேர்ஜனுக்குச் சொல்லிவிடுவது கெட்ட பழக்கம். இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, குளிர் உணர்வு எந்த மட்டத்தில் மறைகிறது என்று இரண்டு பக்கமும் பார்த்து, மார்புக் காம்பு மட்டம் வரை வந்ததா என்று எழுதி வைக்க வேண்டும். பிரஷர் விழுந்தால் போடும் மருந்து சிரிஞ்சில் லேபிள் ஒட்டி ஏற்கெனவே மேசையில் இருக்க வேண்டும். நூறு தரம் இதைச் செய்யாமலே தப்பியவர் ரெஜிஸ்ட்ராராகப் போனபின் இந்தப் பழக்கத்தை உதற மாதக்கணக்கில் பாடுபடுவார். முதல் நாள் பயிற்சி எடுக்கும் புதியவர் அவரைவிட வேகமாகத் தேறுவார்.

இரவுக் கடமை முடித்த கையோடு வாகனத்தை எடுத்துக்கொண்டு ஏ9 வீதியில் கொழும்பு வகுப்புக்கு ஓடுவதையும் விட்டுவிடுங்கள். யாழ்தேவி இருக்கிறது, பஸ் இருக்கிறது, தூங்கிக்கொண்டே போகலாம்.

எழுதி வைக்காமை

செய்த கேஸ்களை முதல் நாளிலிருந்தே ஒரு லொக்புக்கில் எழுதுங்கள்: வயது, சத்திரசிகிச்சை, மயக்க முறை, வந்த சிக்கல், யாருடைய மேற்பார்வை. பெயரும் பதிவு இலக்கமும் அதில் வேண்டாம். பயிற்சிக்குள் போனபின் போர்ட்போலியோவும் வேலையிட மதிப்பீடுகளும் கட்டாயம். அப்போது திடீரென்று எழுதத் தொடங்குகிறவருக்குத் தன் கேஸைப் பற்றி நாலு வரி யோசித்து எழுதவே கை வராது.

அதேபோல், அக்கா ஒருத்தி மூன்று வருடத்துக்கு முன் அனுப்பிய வாட்ஸ்அப் பிடிஎப்பை வைத்துத் திட்டம் போடாதீர்கள். தகுதி, பாடத்திட்டம், எத்தனை தடவை எழுதலாம் என்பதெல்லாம் பிஜிஐஎம் வெளியிடும் அந்தப் பாடநெறியின் விதிக்கோவையில் இருக்கும், அது மாறும். விண்ணப்பத்தை மூத்தவர் சொன்ன தேதியை நம்பி விடாமல் அறிவித்தலைப் பார்த்துப் போடுங்கள். சேவைக் கடிதமும் கையொப்பங்களும் மாவட்ட அலுவலகங்களில் சுற்றி வர எடுக்கும் காலத்தையும் கணக்கில் சேருங்கள்.

எதற்காக வருகிறீர்கள்

வார்ட் ரவுண்ட் இல்லை, கிளினிக் இல்லை, நோயாளி தூங்குகிறார், பேச வேண்டியதில்லை என்று அனெஸ்தீசியாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் சீக்கிரம் ஏமாறுவார்கள். தியேட்டர் பாதி வேலைதான். ஐசியு, வலி நிவாரணம், உயிர்ப்பிப்பு அழைப்பு, அனுப்பி வைக்கும் நோயாளிகள், இரவு இரண்டு மணிக்கு உறவினரோடு பேசுவது எல்லாம் மீதிப் பாதி. நோயாளியோடு பேச நமக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம், அதற்குள் அவர் தன் உயிரை நம்பித் தர வேண்டும். வேறு எந்தத் துறையிலும் பேச்சுக்கு இவ்வளவு அவசரம் இல்லை என்பேன். பயிற்சிக்குக் கொழும்புக்கோ கண்டிக்கோ போனால் அந்த ஐந்து நிமிடம் சிங்களத்தில். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், ஆடும் பல் உண்டா, வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தில் பிரச்சினை வந்ததா என்று கேட்குமளவுக்காவது சிங்களத்தை இங்கிருக்கும்போதே பழகுங்கள். வவுனியா வார்டுகளில் பேசிப் பழக ஆளுக்குக் குறைவில்லை.

ஊரில் பெயர் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். "தம்பி டொக்டரா? ஓ, மயக்க ஊசி போடுறவரா" என்று கோயில் வீதியில் கேட்பார்கள். உயிர் பிழைத்தவர் சேர்ஜனுக்குத்தான் மாம்பழம் கொண்டு வருவார்.

பிரித்தானியா பற்றிய குழப்பம்

இலங்கைப் பாதையையும் பிரித்தானியப் பாதையையும் ஒன்றாகக் குழைப்பவர்கள் பலர். அங்கே 2021 பாடத்திட்டப்படி அனெஸ்தீசியாப் பயிற்சி மூன்று கட்டங்களாக ஏழு வருடம். இடையில் எப்ஆர்சிஏ என்ற அந்நாட்டு அனெஸ்தீசியாச் சோதனையின் முதல் பகுதியும் இறுதிப் பகுதியும். முதல் பகுதியைத் தேறிவிட்டால் பயிற்சி இடம் கிடைத்துவிடும் என்பது தவறு. இடத்துக்குத் தனிப் போட்டி, அது சமீப வருடங்களில் மிகவும் இறுகிவிட்டது. வெளிநாட்டு வைத்தியர்களுக்கான குறுகிய காலப் பயிற்சித் திட்டமான எம்டிஐ விசாவில் போகலாம் என்பார்கள். போகலாம், நல்ல அனுபவம். ஆனால் அது 24 மாதத்தோடு முடியும், அந்த நாட்டு நிபுணர் சான்றிதழுக்கு அது நேர் பாதை இல்லை. இலங்கைப் பயிற்சியின் பகுதியாக வெளிநாடு போகிறவர் திரும்பி வந்து சேவை செய்வதாக ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறார், பிணையாளிகளையும் சேர்த்து. பிணைக்கு நிற்பது பெரும்பாலும் சொந்தக்காரர் அல்லது கூடப் படித்தவர். திரும்பாவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், யார் கட்ட வேண்டும் என்ற பக்கத்தை அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துவிட்டு ஒப்பம் வையுங்கள்.