கால் தூக்கிப் போடாமல் ஏறுகிற சைக்கிள்: பார்த்து வாங்குவது எப்படி?

எங்கள் குமரி மாவட்டத்தில் சைக்கிளை மிதிப்பதில்லை, சவுட்டுவோம். பள்ளிக்கூடத்தோடு விட்ட சவுட்டை நாற்பத்தாறு வயதில் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று கடைக்குப் போனேன். பூ ஸ்டிக்கர் ஒட்டிய ஊதா நிற 'லேடீஸ் சைக்கிள்' ஒன்றைக் காட்டி, "எல்லாருக்கும் செட் ஆகும்க்கா" என்றார்கள். கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடியது. வாங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் வடசேரி கனகமூலம் சந்தையிலிருந்து திரும்பும்போது முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. நானும் பிரேக் பிடித்துவிட்டேன். ஆனால் இறங்க முடியவில்லை. சேலையோடு கால் கம்பியில் தட்டி, சைக்கிளும் நானும் இரண்டு கிலோ தக்காளியும் ரோட்டில் கிடந்தோம்.

நாகர்கோவில் மாதிரி ஊரில் ஓட்டும் தூரம் கொஞ்சம், நிற்கிற தடவைதான் அதிகம். அதனால் சைக்கிளை ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள், இறங்கிப் பார்த்து வாங்குங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

சீட்டுக்கு முன்னால் குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளை 'லேடீஸ் சைக்கிள்' என்று சொல்லியே ஆண்களை விரட்டிவிட்டோம். முட்டுவலிக்காரர்கள், வேட்டி கட்டுகிறவர்கள், பின்னால் பிள்ளையை உட்கார வைக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த வண்டிதான் சௌகரியம். நெதர்லாந்தில் இதன் பெயரே 'ஓமாஃபீட்ஸ்', அதாவது பாட்டி சைக்கிள். அங்கே ஆண்களும் கூச்சமில்லாமல் ஓட்டுகிறார்கள். என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். இப்போது காலையில் பால் வாங்க என் சைக்கிளைத்தான் எடுத்துப் போகிறார்.

முதல் படி: மாடிப்படியில் அளவெடுங்கள்

வீட்டு மாடிப்படி ஒன்று பெரும்பாலும் 6 முதல் 7 அங்குல உயரம் இருக்கும். சைக்கிளில் போகும்போது என்ன உடுத்துவீர்களோ அதையே உடுத்திக்கொண்டு, கீழே தரையில் நின்றபடி நேராக இரண்டாவது படியில் கால் வையுங்கள். பிறகு மூன்றாவது படி. சுவரைப் பிடிக்காமல், உடம்பு சாயாமல் எதுவரை வைக்க முடிகிறதோ, அந்த உயரத்தை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சேலையில் எனக்கு இரண்டாவது படி, 14 அங்குலம். மூன்றாவதுக்குப் போனால் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

கடையில் அதே டேப்பால், தரையிலிருந்து ஃபிரேமில் கால் தாண்டும் இடம்வரை அளந்து பாருங்கள். நான் விழுந்த சைக்கிளை வீட்டுக்கு வந்து அளந்தேன்: 20 அங்குலம்! 'லேடீஸ்' என்று விற்கும் பல மாடல்களில் கம்பி பெயருக்குத்தான் சரிந்திருக்கும். கடைக்காரருக்கு டேப்பைப் பார்த்தால் கொஞ்சம் எரிச்சல் வரும். வரட்டும்.

இரண்டாம் படி: ஒரு வாரம் இரவல் வாங்குங்கள்

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிள் உங்கள் தெருவில் ஒரு வீட்டிலாவது இருக்கும். மாணவிகளுக்குத் தருவது கம்பி தாழ்ந்த வண்டிதான். நான் மயினி மகளின் சைக்கிளை வாங்கி ஓட்டினேன். எங்கே வலிக்கிறது, எந்த ரோட்டில் மூச்சு வாங்குகிறது, கூடையில் எவ்வளவு சாமான் வைக்கிறோம் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: உட்கார்ந்து இறங்கிப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, இரண்டு பாதமும் தரையில் பதிகிற மாதிரி சீட்டைத் தாழ்த்தி வைப்பது. அப்படி ஓட்டினால் முட்டு முழுதாக நீளாது, ஒரு கிலோமீட்டரிலேயே வலிக்கும். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்கும் முறை இது: ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் சவுட்டினால் முட்டு லேசாக மடங்கும். அதுதான் கணக்கு.

இப்போது சீட்டில் இருந்தபடி தரையில் கால் விரல்தான் எட்டும். பயப்பட வேண்டாம். நிற்கும்போது சீட்டிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது, சீட்டை விட்டு முன்னால் நழுவி இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும். குறுக்குக் கம்பி இல்லாததால் அங்கே நிற்க இடம் இருக்கிறது. இந்த வண்டியின் சூட்சுமமே இதுதான். கடை வாசலிலேயே பத்துத் தடவை செய்து பாருங்கள்: நாலு சவுட்டு, பிரேக், நழுவி நில். எட்டாவது தடவையிலும் கால் எங்காவது தட்டினால் அந்த வண்டி வேண்டாம். முதல் இரண்டு வாரம் சீட்டைக் கொஞ்சம் தாழ்த்தி ஓட்டிவிட்டு, பழகப் பழக ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றும்போது சீட் பைப்பில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது.

ஹேண்டில் உங்களை நோக்கி வளைந்து வர வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் உடம்பின் எடையெல்லாம் சீட்டில் இறங்கும் என்பதால், அகலமான ஸ்பிரிங் சீட் நல்லது.

நான்காம் படி: ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்

ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் போதும். அதை வீல் ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு ரிம், ஒட்டாவிட்டால் அலாய், அதாவது அலுமினியக் கலவை. பளபளவென்று இருக்கிற குரோம் இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை அதில் பிடிக்காமல் வழுக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கொட்டுகிற மாவட்டம் நம்முடையது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் அலாய் ரிம்தான் வாங்குங்கள். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் வீடு இருந்தால் உப்புக்காற்றில் இரும்பு ரிம் துருவும் பிடிக்கும். டயர் 1.75 அங்குல அகலம் இருந்தால் குழியும் வேகத்தடையும் அவ்வளவாக முதுகுக்கு ஏறாது. காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

ஐந்தாம் படி: கியர் வேண்டுமா?

நீங்கள் போகும் ரோட்டைப் பொறுத்தது. நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாக வயலோரமாகப் போகிறவருக்கு கியர் தேவையில்லை. தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் என்றால் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், கியர் இல்லாமல் பாதி தூரம் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். 26 அங்குலச் சக்கர வண்டியில், பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 44 பல், பின் வீலில் இருப்பதில் 18 பல் என்றால் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றுவதற்குள் வண்டி சுமார் 5 மீட்டர் போகும். ஏழு கியர் வண்டியில் பின்னால் 28 பல்லுக்கு மாற்றினால் சுமார் 3 மீட்டர்தான் போகும், ஆனால் காலுக்கு அவ்வளவு லேசு. முன்னால் 'ஷாக்கர்' வைத்த மாடலைக் காட்டி ஆசை காட்டுவார்கள். எடைதான் கூடும், டவுன் ரோட்டுக்குத் தேவையே இல்லை.

நிமிர்ந்து உட்காரும் வண்டியில் காற்று நெஞ்சில் அடிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் கணவாய்க் காற்று முதுகில் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

ஆறாம் படி: கூட வருகிற சாமான்கள்

முழு செயின் கவர், பின் வீலில் சேலை கார்டு, நீளமான மட்கார்டு. இந்த மூன்றும் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். கனமான சாமானை முன் கூடையில் வைத்தால் ஹேண்டில் தள்ளாடும், அதைப் பின் கேரியருக்கு மாற்றுங்கள். ஆனால் மேல் கம்பி இல்லாத ஃபிரேம் கொஞ்சம் நெளியும் என்பதால் அரிசி மூட்டையெல்லாம் வேண்டாம். சைடு ஸ்டாண்டை விட டபுள் ஸ்டாண்ட் மேல், சாமான் ஏற்றும்போது வண்டி சாயாது.

வாங்கி ஒரு மாதத்தில் மறுபடி கடைக்குக் கொண்டுபோய் பிரேக் கேபிளையும் ஸ்போக்ஸையும் முறுக்கித் தரச் சொல்லுங்கள், புது வண்டியில் இரண்டும் தளரும். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினில் சைக்கிள் எண்ணெய் நாலு சொட்டு விட்டு மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். அடுக்களையில் இருக்கிற தேங்காய் எண்ணெயை மட்டும் எடுக்காதீர்கள். நான் விட்டேன். ஒரு வாரத்தில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து, செயின் கவருக்குள் கறுப்பு அல்வா கிண்டி வைத்த மாதிரி இருந்தது.